விசாரணைக்கு ஒரு வாக்கியம்

— கூப்பிடறதுக்குள்ள இன்னொரு தடவை சொல்லுங்கக்கா. அவசரப்படாம, வெட்டி வெட்டி.

— அவ்... ரெப்... பே.

— இல்லக்கா. 'அ'வைத் தனியா விடுங்க. 'வ்ரெப்' ஒரே மூச்சு. அப்புறம் 'பே'. பழத்துல வர்ற 'ப' இல்ல, பஸ்ஸுல வர்ற 'ப'.

— அ, வ்ரெப், பே. தோ, வூ, தோ. இதென்ன தம்பி, வினைச்சொல்லா கூட்ஸ் வண்டியா? பெட்டி பெட்டியா வந்துக்கிட்டே இருக்கு.

— 'வூ'வை அழுத்துங்க. கடைசியில அவ்-வெர்-தீர்-லோ. முதல் 'வ்'வுல ஒரு நொடி நின்னு தாண்டணும்.

— அவ்ரெப்பே தோவூதோ அவ்வெர்தீர்லோ. 'நீங்க அவரை எச்சரிச்சிருக்கணும்.' சரிதானே?

— கச்சிதம். ஆனா எதுக்குக்கா இந்தப் பாடு? நீங்க தமிழ்ல சொல்லுங்க, நான் இத்தாலியன்ல சொல்லிடறேன். மில்லுல என்னை அதுக்குத்தானே வெச்சிருக்காங்க.

— வேணாம். கட்டின புருஷனை ரோலர் தோளோட இழுத்திருக்கு. நானே என் வாயால சொல்லணும். ஏன் தம்பி மூஞ்சியைத் திருப்பிக்கறீங்க?

— அக்கா... மெஷினைப் பொருத்த வந்த இத்தாலிக்காரர் மேல தப்பில்லக்கா.

— அப்புறம்?

— அவர் சொன்னாரு. சுவிட்சை அணைச்சாலும் ரோலர் ஒரு நிமிஷம் சுத்தும், கையை உள்ள விடாதேன்னு. கடகடன்னு சொன்னாரா, எனக்குப் பிடிபடல. திரும்பக் கேட்டா, இவனுக்கு பாஷையே தெரியலன்னு துரத்திடுவாங்களோன்னு பயம். புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டு, 'அணைச்சிட்டுத் துடைங்கண்ணே'ன்னு நானாச் சொல்லிட்டேன். அண்ணன் செத்தப்புறம் மெஷினோட புத்தகத்தைப் படிச்சப்பதான் உறைச்சுது. பாவி நான்க்கா.

— தெரியும்.

— என்னக்கா சொல்றீங்க?

— ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் நினைவோடதான் இருந்தாரு. 'இத்தாலிக்காரன் கையைக் காலை ஆட்டி அவ்வளவு நேரம் பேசினான், தம்பி ஒத்தை வரியில முடிச்சிட்டான்'னு சொல்லிச் சொல்லி அழுதாரு. இன்னிக்காவது நீங்களா வாயைத் திறக்கறீங்களான்னு பாத்தேன்.

— அக்கா...

— கூப்பிடறாங்க, எழுந்திருங்க. அந்த இத்தாலிக்காரருக்குப் புரியணும்னுதான் அவர் பாஷையில கத்துக்கிட்டேன். ஆனா உங்க மூஞ்சியைப் பாத்துத்தான் சொல்லப் போறேன்.