மூன்றாவது பேனலில் விழுந்த நிழல்

கேரவன் கூரையில் சோலார் பேனல் போடுவது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. ஒரு ஏணி, ஒரு டிரில், யூடியூபில் நாற்பது வீடியோ, மனைவியின் கேலியைத் தாங்குகிற காது. இவ்வளவு இருந்தால் போதும், யாரும் போட்டுவிடலாம்.

இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்றால், தாரிணி, போன வாரம் நீ ஃபோனில் ஒரு கேள்வி கேட்டாய். உன் அப்பா அனந்தகிருஷ்ணன் சார் என் கேரவனுக்குள் இறந்துபோன இந்த இரண்டு மாதத்தில் என்னிடம் கேள்வி கேட்காத ஆள் இல்லை. போலீஸ் கேட்டது, உன் மாமா கேட்டார், இன்ஷூரன்ஸ் உண்டா என்று முன்பின் தெரியாத ஒருவர்கூடக் கேட்டார். நீ மட்டும்தான் சரியான கேள்வியைக் கேட்டாய்.

"அண்ணா, சோலார் ஏசி இருக்கு, ராஜா மாதிரி இருக்கேன்னு அப்பா சொன்னாங்க. அப்புறம் எப்படி அவங்க ஃபோன்ல சார்ஜே இல்லாமப் போச்சு? லாஸ்ட்டா எனக்கு ஒரு கால் பண்ணியிருக்கலாமே?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. பதிலை ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் நேரம் எடுத்துக்கொண்டேன். என்னிடம் எல்லாமே நிமிட வாரியாக இருக்கிறது.

நான் ஷார்ஜாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டாக்குமெண்ட் கண்ட்ரோலர் என்பது உனக்குத் தெரியும். மற்றவர்கள் வரைந்த டிராயிங்குக்கு நம்பர் போட்டு, மற்றவர்களிடம் கையெழுத்து வாங்கி, மற்றவர்களுக்கு அனுப்பி வைப்பேன். ஒன்பது வருடத்தில் 'இது நான் செய்தது' என்று விரல் நீட்டிக் காட்ட ஒரு பொருள் கிடையாது. ஊருக்கே திரும்பிப் போகிற ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து அந்தப் பழைய கேரவனை வாங்கினேன். இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு கராஜின் பின்பக்க யார்டில் நிறுத்தினேன். பேனல் போட ஆள் வைக்கவில்லை. நானே போடுகிறேன் என்றேன்.

"வீட்ல ஃபேன் ரெகுலேட்டர் மாத்த ஆள் கூப்பிடுற மனுஷன், கூரை மேல ஏறி கரண்ட் எடுக்கப் போறாராம்," என்றாள் பிருந்தா. என் மனைவிக்கு என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் என்று எதுவும் கிடையாது, ஆனால் மிகத் துல்லியமான அபிப்பிராயங்கள் உண்டு.

நான்கு பேனல். ஒவ்வொன்றையும் கயிறு கட்டி இழுத்து ஏற்றினேன். கூரையில் இருந்த காற்றுத் திறப்பின் மேல் மூன்றாவது பேனல் உட்கார்ந்தது, வேறு இடமில்லை. ஒயரை உள்ளே இறக்கி, ஓட்டையைப் பசை வைத்து அடைத்து, இன்வெர்ட்டரை மாட்டி, சுவிட்சைப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. நான் அழுதேன். என் கல்யாணத்தில்கூட அழவில்லை.

அதற்கு ஃபோனில் ஒரு ஆப் உண்டு. கூரையில் எவ்வளவு வருகிறது, உள்ளே எவ்வளவு போகிறது, பேட்டரி எவ்வளவு நிற்கிறது என்று காட்டும். எங்கே இருந்தாலும் ஒரு விரலால் உள்ளே பவரை அணைக்கலாம், போடலாம். ஆறு மாதம் அந்த ஆப்பைப் பார்த்துக்கொண்டுதான் மீட்டிங்குகளைக் கடந்தேன்.

மே மாதம் உன் அப்பா வந்தார். கம்பெனி மூடிவிட்டது, விசா முடியப் போகிறது, ரூமைக் காலி செய்தாகிவிட்டது. உன்னையும் உன் அம்மா சந்திரகலா ஆன்ட்டியையும் மதுரைக்கு அனுப்பி மூன்று வருடம் ஆகியிருந்தது. வேலை போனதை உங்களிடம் சொல்லவில்லை என்பதை என்னிடம் சொன்னார். எனக்கு இங்கே முதல் வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர். கேரவன் சாவியைக் கொடுக்க நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இதைக் குறித்துக்கொள், ஏனென்றால் என்னைக் கெட்டவன் என்று யாராவது சொல்லக்கூடும்.

"ரெண்டே வாரம்ப்பா. அதுக்குள்ள ஏதாவது அமைஞ்சிரும்," என்றார். பிறகு கூரையை அண்ணாந்து பார்த்தார். "நீயே போட்டியா?"

"நானேதான் சார்."

"சூப்பர்ப்பா." கத்தாரில் ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் பதினொரு வருடம் கருவிகளோடு வேலை பார்த்த மனிதர், கண் சும்மா இருக்காது. "மூணாவது பேனல்ல ஏசி பாக்ஸோட நெழல் விழுது பாரு. ஒண்ணுல நெழல் விழுந்தா மத்த மூணையும் சேத்து இழுத்துரும். பரவால்ல, சின்ன விஷயந்தான்."

நான்காம் நாள் விடிந்ததும் அவரே கூரையில் ஏறி, நட்டைக் கழற்றி, மூன்றாவது பேனலை ஒன்றரை அடி பின்னால் தள்ளி மாட்டிவிட்டார். காற்றுத் திறப்பு அப்போதும் அதற்கடியில்தான் இருந்தது. தங்க இடம் கொடுத்தவனுக்கு ஒரு கைம்மாறு. அன்று மதியம் ஆபீஸில் ஆப் ஒரு செய்தி அனுப்பியது: வாழ்த்துகள், இதுவரை இல்லாத அளவு உற்பத்தி. ஐந்தில் ஒரு பங்கு கூடியிருந்தது. அந்த வாழ்த்து எனக்கு வந்திருந்தது. ஆனால் எனக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை வீட்டில் சாப்பாடு. ஏழெட்டு நண்பர்கள். பேனலை நகர்த்தியதைப் பற்றி சார் வாய் திறக்கவில்லை. நானே பெருந்தன்மையாகச் சொன்னேன்.

பிருந்தா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அப்ப ஆறு மாசமா நெழல்ல இருந்தா கரண்ட் எடுத்தீங்க?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவருக்குப் புரையேறியது.

"சும்மா இரும்மா. எல்லாரும் பண்ற தப்புதான்," என்றார் உன் அப்பா.

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார். நல்ல மனிதர். எல்லாரும் பண்ற தப்பு.

இரண்டு வாரம் இரண்டு மாதமானது. விசா முடிந்துபோனது. ஜூனில் பக்கத்து யார்டுக்கு செக்கிங் வந்த அன்று பயந்துவிட்டார். "காலைல போறப்ப வெளிய பூட்டிட்டுப் போப்பா. ஆளில்லாத வண்டின்னு நெனைச்சுக்கட்டும்," என்றார். யோசனை அவருடையது. பூட்டு மட்டும் என்னுடையது, நல்ல கனமான பூட்டாக வாங்கினேன். வெயில் உள்ளே இறங்காமலிருக்க ஜன்னல்களுக்கு வெளிப்பக்கம் வெள்ளை ஷீட் வைத்து ஸ்க்ரூ அடித்ததும் நான்தான். ஏசி இழுப்பது நூறு வாட் குறைந்தது. "நல்ல ஐடியா விஷால், குளுகுளுன்னு இருக்கு," என்று உள்ளிருந்து பாராட்டினார். என்னை மனம்விட்டுப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். நானும் அதை மறக்கவில்லை.

பிறகு நான் அவரைப் படிக்கத் தொடங்கினேன். ஆறு பத்துக்கு கெட்டில், டீ. ஆறரைக்குத் தண்ணீர் மோட்டார், குளியல். எட்டு மணிக்கு லேப்டாப், வேலைக்கு விண்ணப்பம். பத்துக்கு ஏசி. எல்லாம் வாட் கணக்கில் என் உள்ளங்கையில் ஓடியது. கூடப் படுத்து எழுந்த உன் அம்மாவுக்குக்கூட அவரை இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்காது.

ஜூலை முதல் வாரம், ஒரு மதியம், பவரை அணைத்தேன். ஏழு நிமிடம். ஏன் என்று கேட்டால், அந்த ஆப்பில் அப்படியொரு பொத்தான் இருந்தது.

உடனே கூப்பிட்டார். "விஷால், பவர் போச்சுப்பா. நான் பேனலை நகத்துனதாலயா இருக்குமோ?"

அந்த ஏழு நிமிடத்தில் எனக்குக் கிடைத்த நிம்மதியை உனக்கு எப்படி விளக்குவது. இரண்டு மாதமாக நெஞ்சில் குத்திக்கொண்டிருந்த முள்ளை யாரோ மெல்ல எடுத்துவிட்ட மாதிரி.

"இருக்கலாம் சார்," என்றேன்.

"சாரிப்பா. நீ ஒழுங்காப் போட்டதை நான் நோண்டிட்டேன். பழையபடி மாத்திடட்டுமா?"

"வேணாம் சார். இருக்கட்டும்."

மாற்றிவிட்டால் முடிந்துபோகுமே. அடுத்த நாள் பன்னிரண்டு நிமிடம். அதற்கடுத்து இருபது. ஒருநாள் ஐம்பது. ஒவ்வொரு தடவையும் மன்னிப்புக் கேட்டார், ஒவ்வொரு தடவையும் முன்னைவிடச் சுருக்கமாக. மாலையில் பூட்டைத் திறக்கும்போது சட்டை பிழிந்தெடுத்த மாதிரி இருக்கும். "கொஞ்சம் சூடுதான், பரவால்ல," என்பார். நான் மோர் வாங்கிப் போவேன். தினமும் வாங்கிப் போனேன்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்த வேண்டியிருந்தது. ஃபோன் ஒருமுறை அதிர்ந்தது. ஒன்றுமில்லை, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். முந்தின சாயங்காலத்திலிருந்தே பவரை விட்டு விட்டுத்தான் கொடுத்தேன். ஃபோன் சார்ஜ் ஏறாததற்கு அதுதான் காரணம். உன் கேள்விக்குச் சுருக்கமான பதில் வேண்டுமானால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பகல் பன்னிரண்டு இருபதுக்கு அணைத்தேன். கோடையில் பன்னிரண்டரைக்கு வெளிவேலை எல்லாவற்றுக்கும் கட்டாய ஓய்வு. யார்டு ஆட்களை பஸ்ஸில் ஏற்றி அவர்கள் தங்குகிற கேம்ப்புக்குக் கொண்டுபோய்விடுவார்கள், மூன்று மணிக்குத்தான் திரும்பக் கொண்டுவருவார்கள். அதுவரை அங்கே ஒரு பூனைகூட இருக்காது.

பன்னிரண்டு இருபத்தாறுக்கு உன் அப்பா கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று ஃபோனைக் காதில் நன்றாக வைத்துக்கொண்டேன்.

"விஷால், நான் நேத்து எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்துட்டேன்ப்பா. பேனல்ல ஒண்ணும் தப்பில்ல. இது தானா போகல. ஆப்ல இருந்து யாரோ அணைக்கிறாங்க."

ஃபோனை மறு காதுக்கு மாற்றினேன்.

"கோவிச்சுக்காத. உன் ஃபோனை சும்மா செக் பண்ணிப் பாரு. தெரியாம விரல் பட்டிருக்கும். எல்லாருக்கும் நடக்கிறதுதான்."

உன் அப்பா எப்போதும் சரியாகச் சொல்லிவிடுவார், தாரிணி. இரண்டாவது தடவையும் சரியாகச் சொல்லிவிட்டார். இதை அவர் பிருந்தாவிடம் சொல்வார். எனக்கு வலிக்காத மாதிரி, வெள்ளிக்கிழமை சாப்பாட்டில், சிரித்துக்கொண்டே சொல்வார்.

"பாக்கிறேன் சார். சிஸ்டம் ரீசெட் ஆகணும், ஒரு மணி நேரம் பொறுங்க. ஃபோன் சார்ஜை வேஸ்ட் பண்ணாதீங்க."

"சரிப்பா," என்றார். காத்திருக்கச் சொன்னால் காத்திருப்பார். இருபத்தெட்டு வருடம் வளைகுடாவில் இருந்தவருக்கு வேறு என்ன தெரியும்.

பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு ஒரு தடவை கூப்பிட்டார். ஒன்று ஐந்துக்கு ஒரு தடவை. ஒன்று பன்னிரண்டுக்கு, ஒன்று பதினாலுக்கு. எடுக்கவில்லை. அதற்குப் பிறகு அழைப்பு இல்லை. உனக்கு ஏன் கூப்பிடவில்லை என்று வருத்தப்படாதே. கடைசிச் சார்ஜை எல்லாம் எனக்காகச் செலவழித்துவிட்டார். நான் எடுப்பேன் என்று நம்பினார்.

அன்று ஆபீஸில் ஒருவருக்குப் பிரிவுபசாரம், பிரியாணி. நன்றாக இருந்தது.

ஐந்தே முக்காலுக்குப் போனேன். முதலில் பூட்டைக் கழற்றி காரில் போட்டேன். பிறகு ஜன்னல் ஷீட்டுகளை எடுத்தேன். பிறகு பவரைப் போட்டேன். பிறகுதான் கதவைத் திறந்தேன். கதவின் உள்பக்கம் எப்படி இருந்தது என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஏசி பழுது என்று காட்ட ஒரு ஒயரைக் கழற்ற வேண்டியிருந்தது. நான் போட்ட ஒயரைக் கழற்ற மனம் வரவில்லை. ஏசி செய்தவர்கள் போட்ட ஒயரைக் கழற்றினேன். கதவைப் பற்றிக் கேட்டவர்களிடம் தாழ்ப்பாள் சிக்கிக்கொள்ளும் பழைய வண்டி என்றேன். அதுவும் உண்மைதான்.

உடலை மதுரைக்கு அனுப்புகிற வேலை முழுவதையும் நானே அலைந்து செய்தேன். இரங்கல் கூட்டத்தில் அதற்காக எனக்குப் பொன்னாடை போட்டார்கள். சொந்தத் தம்பிகூட இப்படிச் செய்யமாட்டான் என்று ஒருவர் மைக்கில் தழுதழுத்தார். பிருந்தா என்னைப் பெருமையாகப் பார்த்தாள். கல்யாணமாகி முதல் தடவை.

இப்போது ஃபோன் விஷயம்.

கேரவனுக்குள் இன்று எதுவும் இல்லை. கெட்டில், மோட்டார், விளக்கு, ஏசி, எல்லாவற்றையும் பிடுங்கி வெளியே எடுத்துவிட்டேன். ஆளும் இல்லை. பேட்டரி நூறில் நிற்கிறது. ஆனால் தினமும் பகல் பன்னிரண்டு இருபத்தாறுக்கு முப்பத்தாறு வாட் உள்ளே போகிறது. கெட்டில் இவ்வளவு குறைவாக எடுக்காது, லேப்டாப் ஒரே சீராக எடுக்காது. இது ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. மீட்டிங்கில் இருந்தாலும், சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும், அந்த நேரத்துக்கு ஃபோன் கையில் ஒருமுறை அதிரும். எழுதும்போது அதிர்ந்ததும் அதுதான்.

யார்டில் எலக்ட்ரீஷியன் காதர் மைதீன் என்று ஒரு கீழக்கரைக்காரர் இருக்கிறார், அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுவோம். அவரிடம் பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன்.

"பேய் பிசாசெல்லாம் இல்ல தம்பி," என்று சிரித்தார். "உச்சி வெயில்ல ஒயர் தோல் இளகி எங்கயோ தகரத்துல ஒரசுது. கசியுது. சாயங்காலம் ஆறினா சரியாயிரும். ஒயர் இழுத்தது யாரு? பத்து நிமிசம் குடுங்க, பிரிச்சுப் பாத்துர்றேன்."

"வேணாம் காக்கா," என்றேன்.

அந்த ஒயரில் ஒவ்வொரு அங்குலமும் நான் இழுத்தது. வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து இழுத்தது.

அதனால் நான் அணைத்துவிடுகிறேன். தினமும் முப்பத்தாறு வந்ததும் அணைப்பேன். ஒரு மணி நேரம் கழித்துப் போட்டுப் பார்ப்பேன், உடனே முப்பத்தாறு. மறுபடி அணைப்பேன். மூன்று மணிக்குப் பிறகு போட்டால் ஒன்றும் வராது, வெறும் பூஜ்யம். அடுத்த நாள் பன்னிரண்டு இருபத்தாறுக்கு மறுபடி தொடங்க வேண்டும். ஆகஸ்ட் முழுக்க இப்படித்தான் போனது. செப்டம்பரிலும் விடவில்லை.

பக்குவமாகப் பார்த்து உன் அம்மாவிடமும் சொல்லிவிடு. நீங்கள் மதுரையில் எரித்தது யாரையோ, எனக்குத் தெரியாது. உன் அப்பா இன்னும் அந்தக் கேரவனுக்குள்தான் இருக்கிறார், தாரிணி. ஏனென்றால் என் ஒயரிங்கில் கசிவு இருக்க வாய்ப்பே இல்லை.