துண்டுக்கு நிற்காத லிஃப்ட்

காபி நன்றாகவே இருந்தது. போலீஸ் ஸ்டேஷன் காபியைப் பற்றி எங்கள் மயிலாப்பூரில் ஒரு தவறான அபிப்பிராயம் உண்டு. வெளியே போக நேர்ந்தால் திருத்திவிடுகிறேன்.

என் பெயர் சந்திரமௌலி. வீட்டு வாசலில் 'மின்துறை ஆலோசகர்' என்று பித்தளைப் பலகை தொங்குகிறது. பெரிய வேலை ஒன்றுமில்லை. முதலாளி ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவுக்கு இங்கிலீஷில் காரணம் எழுதிக் கொடுப்பவர் ஆலோசகர்.

அய்யாதுரை, தியாகராய நகரில் தம் ஜவுளிக்கடைக்கு மாடிகள் எடுத்தபோது, பின்பக்கம் ஒரு லிஃப்ட் வைத்தார். வாங்க வருகிறவர்களுக்கு அல்ல, சரக்குக்கும் சிப்பந்திகளுக்கும். பட்டு மூன்றாம் மாடியில் இருந்தது, அதை வாங்குகிற மாமிகள் கீழே மெத்தையில் இருந்தார்கள். லிஃப்ட் நின்றால் வியாபாரம் நிற்கும். அந்த லிஃப்டுக்கு மூளை என்பது ஒரு இரும்புப் பெட்டி. கண்ட்ரோலர் என்பார்கள். அதை எந்தக் கம்பெனியில் வாங்குவது என்று சொல்லத்தான் என்னை அழைத்தார்கள்.

முதலில் ஒரு வெளிநாட்டுக் கூட்டுக் கம்பெனியின் கண்ட்ரோலரைப் பார்க்க மவுண்ட் ரோடுக்குப் போனோம். அய்யாதுரை அண்ணாச்சி ஜரிகைத் துண்டோடு கம்பீரமாக லிஃப்டுக்குள் நுழைந்தார். துண்டின் முனை மட்டும் வெளியே தங்கி, மடக்குக் கதவின் இடுக்கில் மாட்டிக்கொண்டது. லிஃப்ட் அசையவில்லை.

"அதுதான் சார் இதன் சிறப்பு. கதவு விரற்கடை திறந்திருந்தாலும் கிளம்பாது" என்றான் கம்பெனி இளைஞன், பெற்ற பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல.

அண்ணாச்சி துண்டை உருவிக்கொண்டார். "என் துண்டுக்கே நிக்குத மிசினு, நாளைக்கு எவன் தும்முனாலும் நிக்கும். நமக்கு ஓடுத சாமான் வேணும் சாரு. ரிப்பேருன்னா பம்பாயிலிருந்து ஆள் வரணுமாம்லா? அவன் வாரதுக்குள்ள தீவாளியே போயிரும்."

அடுத்தது விஜயதாரா கம்பெனி. அதன் கண்ட்ரோலரை வைத்திருந்த கடைகளுக்கெல்லாம் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: நிற்குமா? பாத்திரக்கடை, நகைக்கடை, மருந்துக்கடை எல்லாவற்றிலும் ஒரே பதில். நின்றதே இல்லை. அப்படியே நின்றாலும் கம்பெனி மெக்கானிக் ராயப்பேட்டை ஹனீஃபா சைக்கிளில் வந்து நிற்பான், காபி ஆறுவதற்குள் லிஃப்ட் ஓடும்.

பாத்திரக்கடையில் அவனே பெட்டியைத் திறந்து காட்டினான். இரண்டு திருகுகளுக்கு நடுவே மஞ்சள் வயர் ஒன்று பாலம்போலக் கட்டியிருந்தது. கதவு மூடியிருக்கிறதா என்று பெட்டி கேட்கும்போதெல்லாம், மூடியிருக்கிறது என்று அந்த வயர் பதில் சொல்லும். கதவு திறந்தே கிடந்தாலும் அதையேதான் சொல்லும்.

"இன்னா சார் அப்டி பாக்கறே? கதவ மூடுனா ஒட்டிக்கிற காண்டாக்டு தேஞ்சி போச்சின்னா லிஃப்ட் படுத்துக்கும். புதுசு வர்ற வரிக்கும் இத்த கட்டிட்டா ஓடிக்கினே கீது. ஓனர் குஷி, கம்பெனி குஷி."

புதுசு எந்தக் கடைக்கும் வந்திருக்கவில்லை. மற்றப் பெட்டிகளிலும் அதே மஞ்சள் வயர். விஜயதாரா ஏன் நிற்பதில்லை என்று எனக்கு அன்றே புரிந்துவிட்டது. என் அறிக்கையில், 'பரவலாக விரும்பப்படுவது, உள்ளூர் உதவி மிகச் சிறப்பு, ஓட்டத்தில் தடை கிடையாது' என்று எழுதினேன். அதில் ஒரு பொய்கூட இல்லை. இதை நீங்கள் தயவுசெய்து தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

எழுபத்து நான்காம் வருஷத் தீபாவளிக்கு முந்தின வாரம், நாங்கள் வாங்கிய விஜயதாராவின் காண்டாக்டும் தேய்ந்தது. ஹனீஃபா வந்தான், கட்டினான், ஓடியது. ஆனால் இரண்டொரு நாளில், யாரும் கூப்பிடாமலே வந்து வயரை உருவிவிட்டான். நகைக்கடையில் கூலியாள் ஒருவனின் தலைமுண்டாசு கதவில் மாட்டி, காது கிழிந்துவிட்டதாம். "அவனுக்குக் காதோட போச்சி. இங்க அல்லாம் பொடவ கட்ன பொண்ணுங்க சார். காண்டாக்டு வர்ற வரிக்கும் மூட்டையத் தலைல தூக்கட்டும். நான் கட்ட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிப் போனான்.

ஆகவே, நான் முதலில் கொடுத்த வாக்குமூலத்தில் ஹனீஃபா வயர் கட்டினான் என்று சொன்னது உண்மை. அவிழ்த்தான் என்பதை நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவன் போன பிறகு, கடை நிறைந்த கூட்டத்தின் நடுவே அண்ணாச்சி என்னைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "என்ன சாரு, ஓங்க சாமானும் படுத்துட்டே? நிக்காதுன்னு இங்கிலீசுல எழுதினியளே?" மெத்தையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் இரண்டு பேர் எங்கள் தெருக்காரர்கள். படித்த மனிதனுக்கு அது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் மாடியில் பெட்டிக்கு அருகிலேயே ஹனீஃபா உருவிப் போட்ட வயர் கிடந்தது. கட்டுவதற்குப் பட்டப்படிப்பு தேவையில்லை. கட்டிக்கொண்டிருந்தபோது ஜெயபாரதி வந்தாள். பட்டுப் பகுதிப் பெண். புதுப் புடவையை உடுப்புக்கு மேலேயே தோளில் போட்டுக் காட்டுவது அவள் வேலை. கீழே முழங்கால் வலிக்கார மாமி ஒருத்தி கேட்ட அரக்குப் புடவையை அப்படிப் போட்டிருந்தாள். தலைப்பு பின்னால் நீளமாகத் தொங்கியது.

"இன்னா சார், லிஃப்டுக்குத் தாலி கட்றீங்களா?" என்றாள்.

நானும் சிரித்தேன்.

"சரியாயிடுச்சா சார்? ஏறலாமா?"

"தாராளமா" என்றேன்.

அவள் கதவை இழுத்துச் சாத்தினாள். அது முழுக்கச் சேரவில்லை. ஜரிகைத் தலைப்பின் மடிப்பு நடுவில் இருந்தது. விரற்கடை இடைவெளி. எனக்குத் தெரிந்தது. மவுண்ட் ரோடில் பார்த்த அதே இடைவெளி. அந்த லிஃப்டாக இருந்தால் கிளம்பியிருக்காது என்று நினைத்துக்கொண்டேன். இது கிளம்பியது. ஓடுகிறதே என்று ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

பட்டு நல்ல பட்டு. அது கிழியவில்லை. கீழே போய்ச் சேர்ந்தபோது அது ஜெயபாரதியின் கழுத்தில் இறுகியிருந்தது, அவள் உயிரோடு இல்லை.

எங்கள் ஆத்தில் என் மனைவி விசாலாக்ஷியின் புடவைத் தலைப்பு அடிக்கடி பீரோக் கதவில் மாட்டிக்கொள்ளும். முன்பெல்லாம் நான் கவனித்ததில்லை. மாட்டியதும் அவள் நின்றுவிடுகிறாள். திரும்பி, விடுவித்துக்கொண்டு, அப்புறம்தான் நடக்கிறாள். "என்னன்னா அப்படி வெறிச்சுப் பாக்கறேள்?" என்று நேற்றுக் கேட்டாள். நீ நிற்கிறாயே, அதைத்தான் பார்க்கிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

ஹனீஃபாவை விட்டுவிடுங்கள். அவனை நீங்கள் பிடித்து வைத்த நாளிலிருந்து பாண்டி பஜாரில் முக்கால்வாசி லிஃப்டுகள் நின்றுவிட்டன. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. வாசலில் அவன் பெண்டாட்டி இன்றைக்கும் நிற்கிறாள். உள்ளே வரும்போது எனக்கு வணக்கம்கூடச் சொன்னாள். அவனுக்காகப் பேச வந்த பெரிய மனுஷன் என்று நினைத்திருப்பாள்.

இதை நான் இன்று சொல்ல வந்ததற்குக் காரணம் அவளல்ல. கடையின் பின்பக்கம் நீங்கள் சீல் வைத்திருக்கிறீர்கள். ஃப்யூஸைக் கழற்றி, சீட்டுக் கட்டி, இதோ உங்கள் மேசைமேல் வைத்திருக்கிறீர்கள். மின்சாரம் இல்லாமல் லிஃப்ட் ஓடாது. அது என் தொழில். உங்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும். இன்று காலை அந்தச் சந்தில் போய்ச் சுவரில் காதை வைத்துக் கேட்டேன். மூன்றாம் மாடியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

எழுதிக்கொள்ளுங்கள். வயரைக் கட்டியது நான். ஏறச் சொன்னது நான். இடைவெளியைப் பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றதும் நான். ஆனால், கூடவே என் அறிக்கையையும் கோப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா. அந்தக் கண்ட்ரோலர் நிற்காது என்று எழுதியிருந்தேன். இதுவரை அது நிற்கவில்லை.