சொட்டு விழுந்தா வண்டி எறங்காது

படுத்துப் பாருங்க தம்பி, யாரு வேணாம்னா. முன்னாடி வந்த ரெண்டு மேதாவிங்களும் இதே மாதிரிதான் காருக்கடியில படுத்துக் கெடந்தாங்க. ஒருத்தன் அடியில கேஸ்கெட் போயிடுச்சுன்னு மாத்தினான். மறுவாரம் பின்னாடி சீல்ல ஆயில் ஒழுகுச்சு. இன்னொருத்தன் இன்ஜினையே எறக்கி சீலை மாத்தினான். அப்புறம் மேல் மூடியோரமா கசியுது. எங்க ஒழுகுதோ அங்க அடைக்கறது, இதுக்கு ஒரு தொழிலு, கையில ஸ்பேனரு வேற.

எங்க வீட்டுக்காரரு அவனுங்களுக்கு மேல. கல்யாணத்துக்கு முன்னாடியே வாங்கின வண்டி இது. என்னைப் பாத்து சிரிச்சதைவிட அந்த பானெட்டைப் பாத்து சிரிச்சதுதான் அதிகம். காலையில பல்லு வெளக்கறாரோ இல்லையோ, அடியில போட்ட அட்டையை இழுத்து எங்கெங்க சொட்டியிருக்குன்னு ஒரு ஆராய்ச்சி. பெரிய விஞ்ஞானி.

ஏன் ஸ்டார்ட் பண்றீங்க? தூங்கறாரு, எழுந்துடப் போறாரு. ஆயில் ஊத்தற மூடியை ஏன் தெறக்கறீங்க? புஸ்ஸுன்னு காத்து வருதா, சரி, பிஸ்டன் ரிங்கு தேஞ்சிருக்கும். அப்படியே சொல்லிடுங்களேன். ரிங்கு போனா நீலமா புகை வரணும், வரலையா. ம். பரவாயில்ல, கொஞ்சம் விவரமான ஆளுதான். உள்ள சேர்ற காத்து வெளிய போக வழியில்லாமதான் கண்ட எடத்துல ஆயிலைத் தள்ளுது, அதானே?

எனக்கு எப்படித் தெரியும்னா கேக்கறீங்க? கல்யாணமான நாள்லருந்து சாப்பாட்டு மேசையில எனக்கு நடக்கற பாடமே இதுதான். இன்ஜினும் மூச்சு விடணும், அதுக்குத்தான் அந்தக் குழாய்னு கரண்டியை ஆட்டி ஆட்டி சொல்வாரு. வாத்தியாருக்குத்தான் இப்ப பாடம் மறந்துபோச்சு.

கழட்டிட்டீங்களா குழாயை. உள்ள அடைச்சிருக்கறது துணிதான். பழைய தலகாணி உறை. நான்தான் வச்சேன்.

அப்படிப் பாக்காதீங்க. அவருக்கு நேரா இருக்கறது மட்டும்தான் தெரியும், பக்கவாட்டுல வர்றது எதுவும் தெரியாது. இனிமே ஸ்டியரிங்கைத் தொடக்கூடாதுன்னு கண் டாக்டர் என் முன்னாடியே சொன்னாரு. வெளிய வந்ததும் அந்தாளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னுட்டாரு இவரு. திரும்பி வர்ற வழியிலயே ஒரு சைக்கிள்காரரை உரசிட்டு, உரசினதே தெரியாம பாட்டை முணுமுணுத்துக்கிட்டு ஓட்டறாரு. அந்த மனுஷனுக்குக் கால்ல சிராய்ப்போட போச்சு. சாவியை ஒளிச்சு வச்சேன், வேற சாவி பண்ணிக்கிட்டாரு. மகன் சொன்னான், அவனோட பேச்சையே நிறுத்திட்டாரு. இப்ப ஞாயித்துக்கிழமை பேத்தி வர்றா. அவளை முன்சீட்டுல உக்கார வச்சு மலைப்பாதையில கூட்டிட்டுப் போறேன்னு போன்ல சொல்லியிருக்காரு. அதுக்குத்தான் உங்களை அவரு அவசர அவசரமா வரச் சொன்னது.

ஆனா ஒழுகற வண்டியைத் தெருவுல எறக்கமாட்டாரு. பழைய கார் வச்சிருக்கற கூட்டாளிங்க சிரிப்பாங்களாம். டாக்டர் சொல்லிக் கேக்கல, பெத்த புள்ள சொல்லிக் கேக்கல, ஒரு சொட்டு ஆயிலுக்கு அடங்கிக் கெடக்கறாரு.

அதனால அந்தத் துணியை இருந்த மாதிரியே உள்ள தள்ளுங்க. இன்னும் கொஞ்சம். எழுந்து வந்தா, இன்னொரு சீலும் போயிடுச்சு, கெடைக்க மாசக்கணக்காகும்னு சொல்லுங்க. இவனுக்கும் ஒண்ணும் தெரியலம்பாரு. கேட்டுக்குங்க.