பெரிய தெருவில் மாப்பிள்ளை ஊர்வலம்

அறுபதுகளின் கடைசியில் ஒருநாள், கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். குருபரப்பள்ளி தாண்டியதும், மூத்தவள் தன் மகள் கல்யாணக் கதையை ஆரம்பித்தாள்.

"மாப்பிள்ளைக்கு முன்னால, நாட்டுக்கே சட்டம் எழுதுனவரு போனாரு."

"அவரு செத்து எத்தினியோ வருசமாச்சே அக்கா!"

"படமா போனாரு. எங்க வூட்டுக்காரரு நெஞ்சோட அணைச்சிப் புடிச்சிக்கினு போனாரு. பெரிய தெரு வழியா."

"பெரிய தெருவா? அங்க நம்ம சனம் செருப்போட நடக்க விடமாட்டாங்களே!"

"ஊர்ப் பெரியவங்க வந்து மறிச்சாங்க. எங்க வூட்டுக்காரரு படத்தத் தூக்கிக் காட்டுனாரு. 'தெரு எல்லாருக்கும் பொதுன்னு சட்டத்துல எழுதி வெச்சவரு இவரு. எழுதுனவரு எங்காளு. இவரத் தாண்டி வந்து எங்கள மறிங்க'ன்னாரு. அப்புறம் ஒதுங்கி வழி வுட்டாங்க."

"மாப்பிள்ளை பயப்படலயா?"

"பயமா? புதுச் செருப்பு கடிச்சி கால்ல ரத்தமே வந்துருச்சி. கழட்டிடுங்க மாப்பிள்ளைன்னேன். 'இந்தத் தெரு முடியட்டும் அத்தை'ன்னாரு."