பேசாத கோழி

நான் ஆட்டு மூளை சாப்பிடுவதில்லை. எதையாவது யோசித்துக்கொண்டிருந்த ஒன்றை மென்று விழுங்குவது சரியாகப் படவில்லை, அவ்வளவுதான். ஈரல் சாப்பிடுவேன். ஈரல் யோசிப்பதாக இதுவரை எங்கும் படித்ததில்லை.

இதில் தொடங்குவது சரியா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. நீங்கள் கொடுத்த படிவத்தில், 'குழந்தை பேசுவதை நிறுத்துவதற்கு முன் வீட்டில் ஏற்பட்ட மாற்றங்கள்' என்று கேட்டு நான்கு கோடு விட்டிருக்கிறீர்கள். அக்கா 'ஒன்றும் இல்லை' என்று எழுதினாள். அத்தான் 'தெரியவில்லை' என்று எழுதினார். இரண்டும் அவர்களைப் பொறுத்தவரை உண்மைதான், டாக்டர். எனக்கு நான்கு கோடு போதவில்லை. அதனால் தனித்தாளில் எழுதுகிறேன். நாட்குறிப்பைப் பார்த்து எழுதுவதால் தேதிகள் சரியாக இருக்கும். எழுத்துப்பிழைக்கு உத்தரவாதம் இல்லை.

நான் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவன். அக்கா வீட்டில்தான் தங்கியிருக்கிறேன். பகலில் அத்தானின் கோழிக்கடையில் வேலை. மாலை ஆறிலிருந்து எட்டு வரை, விட்ட படிப்பை முடிக்க மாலை வகுப்பு. அங்கே அறிவியல் ஆசிரியர்தான் எங்களை நாட்குறிப்பு எழுதச் சொன்னார். "நெனச்சதை எழுதாதீங்க, பாத்ததை எழுதுங்க. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க" என்பார். நோக்கம், செய்முறை, கண்டது, முடிவு என்று நான்கு தலைப்பு போட்டு எழுதினால் எந்தக் குழப்பமும் தெளிந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. எனக்கும் அது பிடித்துப்போனது. சொந்தப் புத்தியை நம்ப முடியாதவனுக்குத் தலைப்புகள் பெரிய துணை.

கோழிக்கடையில் நிற்பவனுக்கு மனிதர்களைப் பற்றி ஒரு விஷயம் சீக்கிரமே தெரிந்துவிடும். எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்பதற்கு ஆளுக்கொரு சட்டம் வைத்திருக்கிறார்கள். பக்கத்துக் கடைத் தையல்காரர் சேவல் மட்டும்தான் வாங்குவார். "பொட்டைக் கோழி பாவம்பா, முட்டை போட்டுக் குடும்பம் நடத்துது. இவன் சும்மா கூவிக்கிட்டுத் திரியறவன்தானே" என்பார். உள்ளே பொத்தான் தைத்துக்கொண்டிருக்கும் அவர் மனைவி, "அப்படிப் பாத்தா இந்த வீட்டுல யாரை முதல்ல வெட்டணும்?" என்று கேட்பார். ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் எலும்பில்லாத துண்டு மட்டும் கேட்பார். எலும்பைப் பார்த்தால் அது நடந்தது ஞாபகம் வந்துவிடுமாம். அக்கா ஆடு தொடமாட்டாள். அது அம்மாவைக் கூப்பிடுவதுபோலக் கத்துகிறது என்பாள். கோழிக்குஞ்சும் அம்மாவைத்தானே கூப்பிடுகிறது என்று ஒருமுறை கேட்டேன். "சாப்புடுறப்ப வந்து நோண்டாதடா" என்றாள். அத்தான் கோழியே சாப்பிடுவதில்லை, மீன்தான். "காலையிலேர்ந்து அதுங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். தட்டுலயும் வந்து பாக்கணுமா?"

நான் யாரையும் கேலி செய்யவில்லை. என் மூளைச் சட்டமும் இதே ரகம்தான். இந்தச் சட்டங்களால் கடைக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. அக்கா மகளின் சட்டம் அப்படி இருக்கவில்லை.

அவளுக்கு ஏழு வயது. தெருவில் எல்லோரும் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது அந்தப் பெயர் பொருந்தாது என்று தெரியும். ஆனாலும் நாட்குறிப்பில் அப்படித்தான் இருக்கிறது. பள்ளி விட்டு மூன்றரைக்குக் கடைக்கு வருவாள். அக்கா வேலை முடித்து வந்து கூட்டிப்போகும்வரை கூண்டுகளின் முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து கோழிகளோடு பேசுவாள். "பேரு என்ன? சாப்டியா? ஏன் மூஞ்சி உம்முனு இருக்கு?" இப்படி.

மார்ச் நான்காம் தேதி, புதன்கிழமை, சாப்பிடும்போது தட்டைத் தள்ளி வைத்தாள். "நான் பேசுனதை நான் சாப்பிட மாட்டேன்."

"இது நீ பேசுன கோழியாடி?" என்று அக்கா கேட்டாள்.

"தெரியலையே. அதானே பிரச்சினை."

அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். என் பொண்ணு வக்கீலாத்தான் வருவா என்றார். மறுநாள் அவள் கைகாட்டிய ஒரு கோழியைக் கூண்டிலிருந்து எடுத்து வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். அது தலையைச் சாய்த்துப் பார்ப்பது வீட்டுப்பாடம் திருத்துவதுபோல இருந்ததால், வாயாடி அதற்கு மிஸ் என்று பெயர் வைத்தாள். கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கூடைக்கடியில் அது குடியிருந்தது. தவறு எங்கே ஆரம்பித்தது என்று கேட்டால், அத்தானின் அந்தச் சிரிப்பில்தான் என்று சொல்வேன். ஒருவேளை நான் அவர்மேல் பழி போடுகிறேனோ என்னவோ.

அதன்பிறகு வாயாடி முறையாக வேலை செய்தாள். தையல்காரரிடம் சிவப்புத் துணி வெட்டல்களை வாங்கி, மிஸ்ஸில் தொடங்கி, பேசிய ஒவ்வொரு கோழியின் காலிலும் ஒரு பட்டை கட்டினாள். பட்டை கட்டியதை வெட்டக்கூடாது. முதல் நாள் பதினொன்று. வாடிக்கையாளர்களுக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. "பேசாத கோழியா ஒண்ணு போடுப்பா" என்று கண்ணடிப்பார்கள். ஒரு வாரத்தில் கண்ணடிப்பது நின்றுவிட்டது. கேட்பது நிற்கவில்லை. தபால்காரர் எலும்பில்லாத துண்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "இது பேசலையே?" என்று உண்மையாகவே கேட்டார். பேசின கோழிகள் பின்கூண்டுகளில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அத்தான் மகளிடம் ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லமாட்டார். என்னிடம் புலம்புவார். அக்காவும், "நீதான் எடுத்துச் சொல்லேன்டா. நீ படிக்கிறவன், பொறுமையாச் சொல்லுவே" என்றாள்.

எனவே பொறுப்பை நான் ஏற்றேன். இது என் விருப்பத்தில் நடந்ததல்ல.

முதலில் வாதம் செய்து பார்த்தேன். பேச்சு என்றால் இரண்டு பக்கமும் பேச வேண்டும், அது உனக்குப் பதில் சொன்னதா என்று கேட்டேன்.

"கொக்கொக்குன்னுச்சே."

"அது பதிலா?"

"உனக்குப் புரியலைன்னா அதுக்கு நான் என்ன பண்ண மாமா?"

வாதத்தை அத்தோடு விட்டேன். அன்று மாலை வகுப்பில் உட்கார்ந்து நான்கு தலைப்புகளையும் எழுதினேன். நோக்கம்: பேசுவதால் கோழி பிழைக்காது என்று குழந்தைக்குக் காட்டுதல். செய்முறை: பட்டை கட்டியவற்றை, அவள் எந்த வரிசையில் பேசினாளோ அதே வரிசையில், மற்றவற்றுக்கு முன்பாக வெட்டுதல். மாற்றுவது இந்த ஒன்றை மட்டும்தான்.

மார்ச் இருபத்து மூன்று, திங்கள்கிழமை ஆரம்பித்தேன். அவள் எதிரில் வெட்டவில்லை. நான் அப்படிப்பட்டவன் அல்ல. அவள் பள்ளியில் இருக்கும்போது வெட்டி முடித்து, பட்டைகளைக் கழுவிக் காயவைத்து, மாலையில் அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். துணியை வீணாக்குவானேன். தோலுரித்தபின் பேசின கோழிக்கும் பேசாத கோழிக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இதை இரண்டு முறை சரிபார்த்தேன். வாடிக்கையாளர் யாரும் குறை சொல்லவில்லை. எப்படியும் வெட்டப்பட வேண்டியவைதானே.

கண்டதைச் சுருக்கமாகத் தருகிறேன். திங்கள், பதினான்கு கோழிகளிடம் பேசினாள். செவ்வாய், பன்னிரண்டு. பட்டைகளை வாங்கி எண்ணிப் பார்த்தாள். புதன், ஏழு, குரல் தாழ்ந்திருந்தது. வியாழன், மூன்றே மூன்று, அதுவும் காதருகே குனிந்து. வெள்ளியன்று ஒன்றிடம் மட்டும் பேசினாள். எதைப் பற்றி என்று கேட்கவில்லை. பேசி முடித்து அதன் காலில் இரண்டு பட்டை கட்டினாள். சனிக்கிழமை அந்த இரண்டு பட்டைகளையும் அவளிடம் கொடுத்தேன். அன்று அவள் எந்தக் கோழியிடமும் பேசவில்லை. முக்காலியில் உட்கார்ந்து கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அத்தான் என் முதுகில் தட்டி, "எப்படிடா பண்ணே? கெட்டிக்காரன்டா நீ" என்றார்.

அக்கா வருவதற்குச் சற்று முன்பு வாயாடி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, நான் பேசுனதாலயா?"

அவசரப்பட்டுப் பதில் சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். இல்லை என்று சொல்லலாம், அது பொய். தெரியாது என்று சொல்லலாம், அதுவும் பொய். குழந்தைகளிடம் பொய் சொல்லக்கூடாது என்பதில் நான் உறுதியானவன்.

"ஆமா" என்றேன். "நீ பேசுனதுதான் முதல்ல போகுது."

வெட்டுவது நான் என்று சொல்லவில்லை. அவள் அதைக் கேட்கவில்லை.

இங்கேயே நிறுத்தியிருக்கலாமோ என்று பிறகு யோசித்தேன். ஆனால் கடையில் மட்டும் பார்த்ததை வைத்து முடிவு எழுதினால், இது கடைக்கு மட்டும்தானே பொருந்தும் என்று ஆசிரியர் சிவப்பு மையில் எழுதியிருப்பார். வீட்டில் ஒன்று பாக்கி இருந்தது. தினமும் பேசப்பட்டு, நல்ல தீவனம் தின்று, மூன்று வாரமாகப் பிழைத்திருந்தது. அதை விட்டுவைத்தால் அவள் மனதில் ஓர் ஓட்டை இருந்துகொண்டே இருக்கும். அந்த வழியாகப் பழையபடி எல்லாம் உள்ளே வந்துவிடும்.

மார்ச் இருபத்தொன்பது, ஞாயிறு. காலையில் எல்லோரும் எழுவதற்கு முன் வேலையை முடித்து, கடையிலிருந்து கொண்டுவந்ததுபோல அக்காவிடம் கொடுத்தேன். அக்காவுக்குத் தெரியாது. அதை அவள் கணக்கில் வைக்க வேண்டாம். நன்றாகச் சமைத்திருந்தாள். வாயாடி தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இது பேசாததுதானே மாமா?"

"நேத்து நீ கடையில யார்கிட்டயும் பேசலையே" என்றேன். அது முழு உண்மை.

அவள் சாப்பிட்டாள். இரண்டாவது முறையும் கேட்டு வாங்கினாள். எலும்பைக்கூட விடவில்லை. அக்காவுக்கு மகிழ்ச்சி. ஒரு மாதமாகப் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை என்று அவளுக்குக் கவலை. பிறகு வாயாடி கைகழுவி, டப்பாவிலிருந்து ஒரு பிடி தானியம் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். நானும் குறிப்பேட்டோடு பின்னால் போனேன். கூடையைச் சரியாகக் கவிழ்த்து, மிஸ்ஸின் பட்டையைக் கழுவி அதன்மேல் வைத்திருந்தேன். குழந்தை வீணாக எங்கெங்கோ தேடி அலையக்கூடாதே.

நேரம் ஒன்று நாற்பது. அவள் கூடையைத் தூக்கிப் பார்த்தாள். பட்டையைப் பார்த்தாள். தன் வயிற்றைப் பார்த்தாள். அழவில்லை. தானியத்தைக் கீழே போடவும் இல்லை.

உள்ளே வந்ததும், "என்னடி, மிஸ்ஸுக்கு வச்சியா?" என்று அக்கா கேட்டாள். வாயாடி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள். தானியம் இருந்த கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றிலிருந்து அம்மாவிடம் பேசவில்லை. பூனை தூக்கிக்கொண்டு போயிருக்கும், அந்த ஏக்கம்தான் என்று அக்கா நினைத்தாள். நான் மறுக்கவில்லை. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை.

அன்று மாலைக்குள் அத்தானிடமும் நிறுத்திவிட்டாள். திங்களன்று பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் சிநேகிதி. அடுத்துத் தையல்காரரும் அவர் மனைவியும். வகுப்பு ஆசிரியை வியாழன்வரை தாக்குப்பிடித்தார். வரிசை எனக்கு விளங்கவில்லை. மிகவும் பிடித்தவர்களில் ஆரம்பித்து வந்திருக்கிறாள் என்பதுதான் தெரிந்தது. உங்கள் மருத்துவமனையில் தொண்டையைச் சோதித்து, காதைச் சோதித்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னீர்கள். சரியாகத்தான் இருக்கும்.

ஒரு தாளை இத்துடன் இணைத்திருக்கிறேன். ஏப்ரல் இரண்டாம் தேதி அக்காவின் தலையணைக்கடியில் வாயாடி வைத்தது. அக்கா பார்ப்பதற்கு முன் நான் எடுத்துவிட்டேன். அவளது கையெழுத்துதான், 'ழ' மட்டும் தலைகீழாக இருக்கும். 'அம்மா உன்கிட்ட பேச மாட்டேன். நீ இருக்கணும். அப்பாகிட்டயும் சொல்லு. அழாதீங்க' என்று எழுதியிருக்கிறாள். இதை முன்பே கொடுத்திருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லக்கூடும். எனக்குப் பரிசோதனை முடிந்ததா இல்லையா என்பதில் தெளிவில்லாமல் இருந்தது.

ஆக, செய்தது நான்தான். குழந்தையின் பேச்சை நிறுத்தியது நான். கோழிகளிடம் மட்டும் நிறுத்த நினைத்தேன், அளவு கூடிவிட்டது. முடிவு என்ற தலைப்பின் கீழ் இதை எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒன்றை நீங்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவள் அடியோடு பேச்சை விட்டுவிடவில்லை. என்னிடம் பேசுகிறாள். முன்பெல்லாம் நான் பேச்சுக் கொடுத்தால், "போ மாமா, நீ கேள்வியாக் கேப்பே" என்று ஓடிவிடுவாள். இப்போது நான் எங்கே உட்கார்ந்தாலும் எதிரில் வந்து நிற்கிறாள். பள்ளியில் நடந்தது, பென்சில் தொலைந்தது, மழை வரும்போல இருப்பது, எல்லாவற்றையும் என் முகத்துக்கு நேரே, நிறுத்தி நிறுத்தி, ஒரு வார்த்தையும் எனக்குக் கேட்காமல் போய்விடாதபடி சொல்கிறாள். சொல்லி முடித்தபின்னும் போவதில்லை. என்னையே பார்த்துக்கொண்டு சற்று நேரம் காத்திருக்கிறாள். மறுநாள் காலையில் முதல் வேலையாக என் அறைக் கதவைத் திறந்து, நான் இருக்கிறேனா என்று பார்க்கிறாள். இருந்தால் திரும்பவும் ஆரம்பிக்கிறாள்.

ஊரிலுள்ள அத்தனை பேரையும் விட்டுவிட்டு என்னிடம் மட்டும் ஏன் பேசுகிறாள் என்று நேற்றுக் கேட்டீர்கள். அவளுக்கு என்மேல்தான் பாசம் அதிகம். எல்லாவற்றிலும் தடுமாறுகிறவன் நான், இந்த ஒன்றில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.