ஒரே கம்பியில் மூன்று குழாய்கள்

“அலோ... அலோ, போடி ஆபீசா? ஜக்கையண்ணே, நான் வேலுச்சாமி. மலையில, தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார்... ஆமா, ஆமா. கணக்கப்பிள்ளை சாப்பிடப் போயிருக்காரு. அவரைக் கேட்டுத்தான் குழாயைத் தொட்டேன்.”

வேலுச்சாமி டெலிபோன் குழாயைக் காதோடு அழுத்திக்கொண்டார். போடி அலுவலகம், மலையிலிருந்த இந்தத் தோட்ட அலுவலகம், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் ஆகிய மூன்றையும் இணைத்து மரத்துக்கு மரம் தாவி ஏறிய அந்த ஒற்றைக் கம்பியில் அவர் பேசுவது இதுவே முதல் முறை.

“என்ன, இரையுதா?... எனக்கும் யாரோ மூச்சு விடுற மாதிரி கேக்குது. உங்களுக்கு இழுப்பு இன்னும் விடலையாக்கும்னு நெனச்சேன்... இல்லையா? அப்பக் காத்தாத்தான் இருக்கும்... சொல்றேன், சொல்றேன். பள்ளிக்கூடக் கூரையில கல்லு விழுகுது... பேயா? ஊரே அப்படித்தான் சொல்லுது, பிள்ளைக பாதி வர்றதில்லை. ஆனா காய் எடுக்க ஆள் பத்தாத அன்னைக்குத்தாண்ணே இந்தப் பேய் வருது. ஞாயித்துக்கெழமை அதுக்கும் லீவு.”

மறுமுனையில் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

“சிரிக்காதீங்க. நேத்து விழுந்த கல்லுல சீமெண்ணெ நனைச்ச துணி சுத்தியிருந்துச்சு. நெருப்பு ஒண்ணுதான் பாக்கி. புல்லுக்கூரை வேற... யாரா? கங்காணி தவசி. பிள்ளைகளைக் காய் எடுக்க விடு, இல்லாட்டிக் கூரை இருக்காதுன்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னவன்... பாத்த ஆளு இருக்கு. பேரு வேணாம்ணே, வாக்குக் குடுத்திருக்கேன்... சரி... சரி. பேரில்லாம துரை காதுல வாங்க மாட்டாரு. புரியுது.”

தயங்கினார். பேய்போல ஊளையிட்டு ஊரை ஏமாற்றிய நரியின் கதையைச் சொன்ன அன்று, மற்றப் பிள்ளைகள் கலைந்த பிறகும் நின்ற சிறுமி ஒருத்தி, “நம்ம பள்ளிக்கூடத்து நரி யாருன்னு எனக்குத் தெரியும் அய்யா” என்று காதோடு சொன்னது நினைவுக்கு வந்தது.

“உங்களோட இருக்கட்டும். செல்லக்கிளி. மொக்கம்மா மக. ஆத்தாக்காரி ஸ்டோர்ல காய் பிரிக்கிறா. மத்தியான மணி அடிக்கிற நேரத்துக்கு இந்தப் பிள்ளைதான் அங்க கஞ்சி கொண்டு போகும். அப்படிப் போறப்ப, தவசி பின்பக்கம் உக்காந்து கல்லுல துணி சுத்துறதைப் பாத்திருக்கு...”

மணி அடித்தது.

முதலில் அது குழாய்க்குள் கேட்டது. இரும்பைத் தட்டுகிறவன் காதருகே நிற்பதுபோல. ஒரு கணம் கழித்து அதே ஓசை, பள்ளத்திலிருந்த ஸ்டோரிலிருந்து ஜன்னல் வழியே மெலிந்து வந்தது.

“அண்ணே... உங்க பக்கம் மணி அடிச்சுதா?... இல்லையா?... அப்ப ஸ்டோர்ல குழாயை எடுத்தா, நாம பேசுறது அங்கயும் கேக்குமா?... கேக்கும்ங்கிறீங்களா...”

குரல் தாழ்ந்தது.

“தவசி? நீயா?”

அதுவரை கேட்டிருந்த மூச்சு நின்றது. எங்கோ ஒரு குழாய் கொக்கியில் விழுந்தது. ஜன்னலுக்கு வெளியே, வெகு கீழே, ஏலச்செடிகளுக்கிடையில் தலையில் கலயத்தோடு செல்லக்கிளி இறங்கிக்கொண்டிருந்தாள்.

“ஜக்கையண்ணே, கைப்பிடியைச் சுத்தி ஸ்டோருக்கு மணி அடிங்க... ஏன்னு கேக்காதீங்க. அவன் எடுத்தா விடாதீங்க, குழாய்கிட்டயே பிடிச்சு வையுங்க. துரை பேசுறாருன்னு சொல்லுங்க, என்னமும் சொல்லுங்க. வெரசா... நான் வைக்கிறேன்.”

அவர் சரிவில் பாதி இறங்குவதற்குள், ஸ்டோருக்குரிய அழைப்பு மேலே அலுவலகச் சுவரிலிருந்த டெலிபோன் பெட்டியில் இரண்டு இரண்டாக அடிக்கத் தொடங்கியது. கீழே ஸ்டோரிலும் அடித்தது. யாரும் எடுக்கவில்லை.