பூட்டப்பட்ட 412-ஆம் வரி

என் பெயர் ஓர்னெல்லா ரமெல்லா. வயது 46. தகப்பனார் பெயர் எர்மெஸ். பியெல்லா நகரில் ரயில் நிலையத்துக்குப் பின்புறமுள்ள குடியிருப்பில் மூன்றாம் மாடியில் தனியாக வசித்து வருகிறேன். இயந்திரக் கையேடுகளை ஆங்கிலத்திலிருந்து இத்தாலிய மொழிக்கு மொழிபெயர்ப்பது என் தொழில். பத்தொன்பது வருடங்களாக இதைத்தான் செய்கிறேன். என்னை யாரும் அழைத்து வரவில்லை. இன்று காலை நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

தொரீனோவில் உள்ள ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம் எனக்கு வேலை அனுப்பும். அது புத்தகமாக வராது, கட்டம் போட்ட அட்டவணையாக வரும். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் காலி. இயந்திரத்தின் படம்கூட இருக்காது. முன்பு யாராவது மொழிபெயர்த்து ஒப்புதல் பெற்ற சொல் மறுபடி வந்தால், கணினி பழையதையே இட்டு நிரப்பி, அந்த வரியைச் சாம்பல் நிறமாக்கிப் பூட்டிவிடும். பூட்டிய வரியை நாங்கள் தொடக்கூடாது என்பது விதி.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு காபி மெஷின் கையேடு செய்தேன். அதில் ‘கிளியர்’ என்று ஒரு பொத்தான் இருந்தது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் எதற்கும் வரும். மேஜையை ஒழிப்பதும் அதுதான், தொண்டையைச் செருமுவதும் அதுதான், வழக்கிலிருந்து ஒருவரை விடுவிப்பதும் அதுதான். எங்கள் மொழியில் ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சொல் வேண்டும். அதனால் அந்தப் பொத்தான் என்ன செய்யும் என்று கேட்டு எழுதினேன். குழாயைக் கழுவும் என்று பதில் வந்தது. அதன் பிறகு ‘புலிட்ஸீயா’, அதாவது சுத்தம் செய்தல், என்று போட்டேன். அங்கே அது சரியான சொல். இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

அதன் பிறகு, இந்த வருடம் பிப்ரவரியில், கம்பளியைச் சிக்கெடுக்கும் இயந்திரம் ஒன்றின் திரையில் வரும் சொற்கள் எனக்கு வந்தன. 412-ஆம் வரியில் ‘கிளியர்’ என்ற ஒற்றைச் சொல். எதிரே என் பழைய சொல், பூட்டோடு. அதற்கு மேல் வரி ‘அலாரம்’. கீழ் வரி ‘மறுதொடக்கம்’. இது எதையும் கழுவுகிற பொத்தான் அல்ல, அலாரத்தை அழித்து இயந்திரத்தை ஓட்டத்துக்குத் தயார் செய்கிற பொத்தான் என்று எனக்குப் பட்டது. உடனே நிறுவனத்தில் வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் ஃபுல்வியோவுக்குப் போன் செய்தேன்.

“வந்துட்டாங்கப்பா கேள்வி மகாராணி,” என்று சிரித்தார். “இப்ப என்ன?”

“நானூத்திப் பன்னெண்டாவது வரி தப்பு. கொஞ்சம் தொறந்து விடு.”

“அதைப் போட்டது யாரு? நீதானே? உன் வார்த்தையையே நீ நம்பமாட்டியா?”

“அது காபி மெஷினுக்குப் போட்டது, ஃபுல்வியோ.”

“ஒரு பூட்டைத் தொறந்தா மொத்தத்தையும் திரும்பச் சரிபாருன்னு கம்பெனிக்காரன் உக்காருவான். நாளைக்குக் காலையில குடுத்தாகணும். வம்பு பண்ணாதே, தங்கம்.”

அதன் பிறகு, இயந்திரக் கம்பெனிக்கு அனுப்பும் சந்தேகப் பட்டியலில் அந்த வரியைப் பற்றி ஒரு கேள்வி எழுதினேன். எழுதியதை நானே அழித்தேன். நான் அதிகம் கேட்கிறேன் என்று அந்த மாதம் இரண்டு வேலைகளை வேறு ஆட்களுக்குக் கொடுத்திருந்தார்கள். பயந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. கோப்பை அப்படியே அனுப்பிவிட்டேன்.

செப்டம்பர் 9-ஆம் தேதி, எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடத் தூரத்தில் உள்ள கம்பளி ஆலையில் மாரினெல்லா கொஸ்தா என்ற தொழிலாளியின் வலது கை அந்த இயந்திரத்தின் உருளைகளுக்குள் சிக்கி மூன்று விரல்கள் போயின. பத்திரிகையில் படித்தபோது அது என் இயந்திரம் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் ஃபுல்வியோ போன் செய்து, “யார் கேட்டாலும் எதுவும் பேசாதே” என்றார். அப்போதுதான் தெரிந்தது.

அதன் பிறகு அக்டோபரில் ஒரு பெட்டி பிஸ்கட் வாங்கிக்கொண்டு மாரினெல்லா வீட்டுக்குப் போனேன். இன்சூரன்ஸ் ஆள் என்று நினைத்து உள்ளே விட்டார். நடந்ததைக் கேட்டேன்.

“கம்பளி அடைச்சுக்கிட்டு மெஷின் நின்னுபோச்சு. அலாரம் கத்துச்சு. ‘சுத்தம்’னு பொத்தான் வந்துச்சு, அமுக்குனேன். சத்தம் அடங்குச்சு. சரி, சுத்தம் பண்ணத்தான் நிக்குதுன்னு கைய விட்டேன். உருளை ஓட ஆரம்பிச்சுருச்சு.”

“அந்த வார்த்தையைப் போட்டவ நான்தாங்க,” என்றேன்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“எழுத்து பெருசா நல்லாத்தான் தெரிஞ்சுது,” என்றார். “கண்ணாடி போடாமலே படிச்சேன்.”

பிறகு பெட்டியின் ரிப்பனை இடது கையால் அவிழ்க்கப் பார்த்தார். வரவில்லை. நான் அவிழ்த்துக் கொடுத்தேன்.

அன்றே அந்தச் சொல்லை மாற்றும்படி நிறுவனத்துக்கு எழுதினேன். அவர்களுடைய வக்கீல் என்னை அழைத்து இரண்டு விஷயம் சொன்னார். பூட்டிய வரியை யாரும் பார்ப்பதில்லை, நானும் பார்க்கவில்லை என்று சொன்னால் என்னை யாரும் தொட முடியாது என்பது ஒன்று. விபத்து வழக்கு முடியும்வரை அந்தச் சொல்லை மாற்றக்கூடாது, மாற்றினால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பது மற்றொன்று. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஐந்து வாரம் அப்படியே இருந்தேன்.

நேற்று முன்தினம் புதிய கோப்பு வந்தது. கம்பளியை அழுத்திப் பொதியாக்கும் இயந்திரம், பதினோரு ஆலைகளுக்குப் போகிறது. 97-ஆம் வரியில் ‘கிளியர்’. எதிரே அதே சொல், பூட்டோடு, ஒப்புதல் கொடுத்தவர் என்ற இடத்தில் என் பெயர். அதன் மேல் தட்டிப் பார்த்தேன். கணினி டொக் என்று ஒரு சத்தம் போட்டது. மறுபடி தட்டினேன். எத்தனை தடவை தட்டினேன் என்று தெரியாது. அதன் பிறகு ஃபுல்வியோவுக்குப் போன் செய்தேன்.

“வழக்கு முடியட்டும், ஓர்னெல்லா. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு.”

“அப்ப அந்த மெஷின்ல நீ போய் கைய விடு,” என்றேன். போனை வைத்துவிட்டார்.

கோப்பை நான் இன்னும் திருப்பி அனுப்பவில்லை. நான் செய்யாவிட்டால் வேறொருவரிடம் போகும். அவருக்கும் அந்த வரி பூட்டித்தான் இருக்கும்.

இந்த இடத்தில் விசாரணை அதிகாரி என்னை நிறுத்தி, நான் சொல்வது எனக்கே எதிராகத் திரும்பும் என்று எச்சரித்தார். ஒரு வக்கீல் அம்மையாரை வரவழைத்து என் பக்கத்தில் உட்கார வைத்த பிறகே தொடர்ந்தார். அந்த அம்மையார், 412-ஆம் வரியைப் ‘பார்த்திருக்கலாம்’ என்று எழுதச் சொன்னால் போதும் என்று என் காதில் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. என் மீது என்ன நடவடிக்கை வேண்டுமானாலும் எடுங்கள். முதல் ஆலையில் அந்தப் பொதி இயந்திரம் இம்மாதம் 21-ஆம் தேதி ஓடப்போகிறது. அதற்கு முன் அந்த 97-ஆம் வரியைத் திறக்கச் சொல்லி உத்தரவு வாங்குங்கள். என்னால் அதைத் திறக்க முடியாது.

மேலே உள்ளதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நான் சொன்னவை இவை, நடந்தவையும் இவையே.

(ஒப்பம்) ஓர்னெல்லா ரமெல்லா
பியெல்லா, 14 நவம்பர் 2022, காலை 11.40

திருத்தம் ஒன்று: முதலில் தட்டச்சான பிரதியில் 412-ஆம் வரியைச் சாட்சி ‘கவனிக்கவில்லை’ என்றிருந்தது. சாட்சி கேட்டுக்கொண்டபடி அச்சொல் அடிக்கப்பட்டு ‘பார்த்தேன்’ என்று அவர் கையாலேயே எழுதப்பட்டு, ஓரத்தில் ஒப்பமிடப்பட்டது.